ஜியாய்டு உயரத்துக்குப் பக்கத்தில் எந்தப் பிழையை எழுதுவது?

ஜியாய்டு என்பது பூமியின் ஈர்ப்பு தீர்மானிக்கும் சராசரிக் கடல்மட்டப் பரப்பு. அதன் உயரத்தைக் கணக்கிட உதவும் ஒரு புவியீர்ப்பு மாதிரியின் கோப்பைத் திறந்தால் உள்ளே எண்கள்தான். மேலே பத்துப் பதினைந்து வரியில் தலைப்பகுதி. அதற்குக் கீழே ஒவ்வொரு வரியிலும் டிகிரி, ஆர்டர் (ஈர்ப்பைப் பல அலைகளாகப் பிரித்தால் இது எந்த அலை என்று சொல்லும் எண்கள்), அந்த அலையின் அளவைச் சொல்லும் இரண்டு கெழுக்கள், கடைசியாக அந்த இரண்டு கெழுக்களின் பிழைகள். டிகிரி 2, ஆர்டர் 0 என்ற வரியைப் பாருங்கள். ஈஜிஎம்2008 என்ற உலகளாவிய மாதிரியில் அந்தக் கெழு −4.841651 × 10⁻⁴ என்று தொடங்கும். பூமி துருவங்களில் தட்டையாக இருப்பதைச் சொல்லும் எண் அது. அதே வரியில் அதன் பிழையாகக் கொடுத்திருப்பது ஏறக்குறைய 7.5 × 10⁻¹².

புதிதாக வருகிறவர்கள் பலரும் இந்தக் கடைசிப் பத்திகளை எடுத்து, வர்க்கம் பண்ணிக் கூட்டி, "மாதிரியின் துல்லியம் இவ்வளவு" என்று எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த எண், மாதிரி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் மாதிரியைச் செய்தபோது பயன்படுத்தாத ஏதாவது ஓர் அளவீட்டோடு வைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. எப்படிப் பார்ப்பது என்பதை, நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். பைதானும் அதன் நம்பை நூலகமும் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். மீச்சிறு வர்க்க முறையைக் கல்லூரியில் ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

"இந்த மாதிரியின் பிழை எவ்வளவு?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. பிழை என்பது மாதிரியின் மேல் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு இல்லை, நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்து மாறுவது.

ஒரு எடுத்துக்காட்டு. கன்னியாகுமரிக் கடற்கரையில் ஜிபிஎஸ் கருவியை வைத்து அளந்தால், உயரம் மைனஸ் தொண்ணூறு சொச்சம் மீட்டர் என்று காட்டும். கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை. ஜிபிஎஸ் உயரம், பூமியின் வடிவத்துக்குக் கணக்கில் வைத்துக்கொண்ட வழவழப்பான நீள்வட்டக் கோளத்திலிருந்து எடுப்பது. கடல்மட்டம் ஜியாய்டைப் பின்பற்றுவது. உலகத்திலேயே ஜியாய்டு மிகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது, நீள்வட்டக் கோளத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே. ஆகவே கடல்மட்ட உயரம் வேண்டுமென்றால் ஜிபிஎஸ் உயரத்திலிருந்து ஜியாய்டு உயரத்தைக் கழிக்க வேண்டும். ஜியாய்டில் 10 செ.மீ. தப்பு இருந்தால் விடையிலும் 10 செ.மீ. தப்பு. காவிரி டெல்டா மாதிரி சமதளத்தில் ஒரு வாய்க்காலுக்குச் சரிவு பார்க்கிறவருக்கு 10 செ.மீ. என்பது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற விஷயம்.

இப்போது அதே மாதிரியை வைத்து மூன்று பேர் மூன்று கேள்வி கேட்கிறார்கள். ஒருவருக்கு ஒரே ஒரு புள்ளியில் உயரம் வேண்டும். இன்னொருவருக்கு 50 கி.மீ. தள்ளி இருக்கும் இரண்டு புள்ளிகளின் உயர வித்தியாசம் வேண்டும். மூன்றாமவருக்குக் கங்கைப் படுகை முழுவதிலும் இந்த மாதம் தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று தெரிய வேண்டும் (தண்ணீர் குறைந்தால் அங்கே ஈர்ப்பும் துளி குறையும்). உயர வித்தியாசத்தில் இரண்டு புள்ளிக்கும் பொதுவான பிழை கழிந்துவிடும். படுகைச் சராசரியில் சின்ன அலைநீளப் பிழைகள் ஒன்றையொன்று அமுக்கிவிடும். கோப்பு ஒன்று, பதில் மூன்று. உங்கள் கேள்வி இதில் எது என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் கணினியைத் திறங்கள்.

தலைப்பகுதியைப் படியுங்கள்

மாதிரிகளை ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் உள்ள ஜிஎஃப்இசட் நிறுவனம் நடத்தும் ஐசிஜெம் சேவையிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தலைப்பகுதியில் மூன்று வரிகளைத் தவறாமல் பாருங்கள்.

பிழை வகையைச் சொல்லும் வரி முதலாவது. "ஃபார்மல்" என்றிருந்தால் மீச்சிறு வர்க்கக் கணக்கிலிருந்து நேராக வந்த பிழை. "காலிபிரேட்டட்" என்றிருந்தால், மாதிரியைச் செய்தவர்களே வெளி ஆதாரங்களோடு ஒப்பிட்டுத் திருத்திய பிழை. சில கோப்புகளில் பிழையே இருக்காது. அடுத்தது பூமியின் ஈர்ப்பு மாறிலியும் ஆரமும், பெரும்பாலும் 3.986004415 × 10¹⁴ என்றும் 6378136.3 மீட்டர் என்றும் இருக்கும். இரண்டு மாதிரிகளை ஒப்பிடும்போது இவை வேறுபட்டால் கெழுக்களை ஒரே அளவுக்கு மாற்றிவிட்டுத்தான் கழிக்க வேண்டும்.

மூன்றாவது, அலை முறைமை (டைட் சிஸ்டம்). சூரியனும் சந்திரனும் பூமியை நிரந்தரமாகக் கொஞ்சம் பிதுக்கி வைத்திருக்கின்றன. அந்தப் பிதுக்கத்தைச் சேர்த்துச் சொல்வது ஒரு வழக்கம், நீக்கிச் சொல்வது இன்னொரு வழக்கம். நீக்கிய "டைட் ஃப்ரீ", சேர்த்த "ஜீரோ டைட்" ஆகிய இரண்டுக்கும் நடுவே மேலே சொன்ன டிகிரி 2 கெழுவில் சுமார் 4.17 × 10⁻⁹ வித்தியாசம் வரும். கோப்பு சொல்லும் பிழையைப் போல் இது ஐந்நூறு மடங்குக்கும் மேல்! ஜியாய்டில் இது நிலநடுக்கோட்டில் 3 செ.மீ. ஒரு பக்கம், துருவத்தில் 6 செ.மீ. எதிர்ப்பக்கம். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை எடுத்துக்கொண்டால் இரண்டரை செ.மீ. அளவுக்கு ஒரு வடக்கு-தெற்குச் சாய்வு. ஒருமுறை என் ஒப்பீட்டில் இப்படி ஒரு சாய்வு வந்து, அதை மாதிரியின் பிழை என்று நினைத்து இரண்டு நாள் தேடியிருக்கிறேன். கோப்பின் ஒரு வரியைப் படித்திருந்தால் போதும். நிச்சயமின்மைக் கணக்கில் கலந்துவிடக் கூடாத தப்பு இது. மாற்றிச் சரி செய்துவிட வேண்டியது.

டிகிரி வாரியாக வரைந்து பாருங்கள்

ஒவ்வொரு டிகிரிக்கும் அதிலுள்ள எல்லாக் கெழுப் பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, பூமியின் ஆரத்தால் பெருக்குங்கள். அந்த டிகிரியில் ஜியாய்டுப் பிழை மீட்டரில் கிடைக்கும். கெழுக்களுக்கும் இதையே செய்தால் சிக்னல் கோடு. இரண்டையும் லாக் அளவில் ஒரே படத்தில் வரையுங்கள். சிக்னல் கோடு மெல்ல இறங்கும், பிழைக்கோடு மெல்ல ஏறும். செயற்கைக்கோள் அளவீட்டை மட்டும் வைத்துச் செய்த மாதிரி என்றால் எங்கோ ஓர் இடத்தில் இரண்டும் சந்திக்கும். அதற்கு மேலுள்ள கெழுக்களில் இருப்பது பெரும்பாலும் இரைச்சல்.

பிழைக்கோடு ஏன் ஏறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டிகிரி கூடக் கூட அலைநீளம் சின்னதாகிறது: 20,000 கி.மீ.யை டிகிரியால் வகுத்தால் வருவதுதான் தெரியக்கூடிய மேடு பள்ளத்தின் அளவு. டிகிரி 200 என்றால் 100 கி.மீ. உயரே போகப் போக இந்தச் சின்ன மேடு பள்ளங்களின் சுவடு வேகமாக மங்கும். டிகிரி 200-இல் 450 கி.மீ. உயரத்தில் மிஞ்சுவது தரையில் உள்ளதில் கிட்டத்தட்ட 9 லட்சத்தில் ஒரு பங்கு. 255 கி.மீ. உயரத்தில் 2,600-இல் ஒரு பங்கு. செயற்கைக்கோளில் அளந்ததைத் தரைக்கு இறக்கும்போது இதே எண்ணால் பெருக்குகிறோம். கருவியின் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

2009 மார்ச்சில் ஏவிய ஐரோப்பாவின் கோச்சே செயற்கைக்கோளை ஏன் 255 கி.மீ. அளவுக்குத் தாழ்வாகப் பறக்கவிட்டார்கள் என்பதற்கு விடை இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஓர் அயனி எஞ்சின் அந்த இழுப்பை ஈடுகட்டிக்கொண்டே இருந்தது. எரிபொருள் தீர்ந்து 2013 நவம்பரில் அது வளிமண்டலத்துக்குள் விழுந்தது. அந்த நாலு வருட அளவீட்டின் பலனை இன்றும் அனுபவிக்கிறோம்.

குறிப்பிட்ட ஒரு டிகிரி வரைக்குமான மொத்தப் பிழை வேண்டுமென்றால் டிகிரிப் பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். இதைக் கெழுப்பிழை என்று கூப்பிடுகிறேன்: மாதிரியில் இருக்கும் கெழுக்கள் தவறாக இருப்பதால் வருவது.

இல்லாததால் வரும் பிழை

மாதிரி டிகிரி 200-இல் நிற்கிறது. பூமி அங்கே நிற்கவில்லை. விட்டுப்போன சின்ன மேடு பள்ளங்களால் வருவது வெட்டுப்பிழை. புதியவர்கள் மறக்கும் பிழைகளில் முதலிடம் இதற்குத்தான், ஏனென்றால் கோப்பில் எங்கேயும் இது எழுதியிருக்காது.

இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. புவி அளவியலாளர் வில்லியம் கௌலா 1960-களில் தந்த விதிப்படி, ஒரு கெழுவின் சராசரி அளவு 10⁻⁵-ஐ டிகிரியின் வர்க்கத்தால் வகுத்தது. அதை வெட்டிய இடத்திலிருந்து முடிவிலி வரை கூட்டினால் அழகாகச் சுருங்கிவிடும்: 64 மீட்டரை டிகிரியால் வகுத்தால் ஜியாய்டின் வெட்டுப்பிழை. டிகிரி 60 என்றால் ஒரு மீட்டருக்கு மேல், 200 என்றால் 32 செ.மீ., 2190 என்றால் 3 செ.மீ. இது உலகச் சராசரி. இமயமலை அடிவாரத்தில் இதைவிடக் கூடும், சமதளத்தில் குறையும்.

ஆக, கோச்சே மாதிரி ஒன்றை டிகிரி 200 வரை எடுத்து, "பிழை 2 செ.மீ." என்று ஒரு புள்ளிக்கு எழுதினால், 32 செ.மீ.யை விட்டுவிட்டு 2 செ.மீ.யை மட்டும் சொன்னதாகும். 100 கி.மீ. கட்டங்களின் சராசரியைப் பற்றி என்றால் 2 செ.மீ. சரியான பேச்சு. கேள்வியை முதலில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

ஃபார்மல் பிழை ஏன் சிறிதாக வருகிறது

இதை நீங்களே செய்து பார்ப்பது நல்லது, பத்து நிமிட வேலை. நம்பையில் 10,000 தற்செயல் எண்கள் எடுங்கள், திட்ட விலக்கம் 1. சராசரியின் பிழை என்ன? 10,000-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.01. ஆயிரம் தடவை திரும்பச் செய்து சராசரிகளின் சிதறலைப் பார்த்தால் 0.01-தான் வரும். சரி. இப்போது 100 தற்செயல் எண்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் நூறு தடவை அடுத்தடுத்து எழுதுங்கள். இப்போதும் 10,000 எண்கள்தான், சிதறலும் 1-தான். வாய்ப்பாடு மறுபடியும் 0.01 என்றே சொல்லும். ஆயிரம் தடவை செய்து பார்த்தால் உண்மைச் சிதறல் 0.1. வாய்ப்பாடு பத்து மடங்கு குறைத்துச் சொல்கிறது, ஏனென்றால் உங்களிடம் உண்மையில் இருப்பது 100 அளவீடுகள்தான்.

செயற்கைக்கோளில் நடப்பதும் இதுவே. 2002 மார்ச்சில் ஏவிய கிரேஸ் இரட்டைக் கோள்கள் சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து, நடுவிலிருந்த தூரம் மாறுவதை மைக்ரோமீட்டர் அளவில் பதிவு செய்தன. அடுத்தடுத்த நொடிகளின் பிழை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது இல்லை. முடுக்கமானி காட்டும் அளவு மெதுவாக விலகிக்கொண்டே போகும். கடல் ஓத (டைட்) மாதிரியில் இருக்கும் தப்பும், காற்றழுத்த மாதிரியில் இருக்கும் தப்பும் சுற்றுக்குச் சுற்று திரும்ப வரும். கணக்கில் "எல்லாப் பிழையும் தனித்தனி" என்று வைத்தால் ஃபார்மல் பிழை அநியாயத்துக்குச் சிறிதாகிவிடும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பொருத்தி முடித்த பிறகு மிஞ்சும் எச்சங்களை எடுத்து அலைமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்ற படம்) வரையுங்கள். கோடு தட்டையாக இருந்தால் நிம்மதி. தாழ்ந்த அதிர்வெண் பக்கம் மேடாக இருந்தால் அளவீடுகள் ஒன்றோடொன்று கைகோத்திருக்கின்றன என்று அர்த்தம். அந்த வடிவத்தையே எடைகளில் போட்டுத் திரும்பக் கணக்கிட வேண்டும். கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் தீர்வுகள் இப்படி எச்சங்களிலிருந்தே இரைச்சலின் வடிவத்தை எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் ஃபார்மல் பிழைகள் நம்பத்தக்கவையாக இருப்பதற்கு இது பெரிய காரணம்.

கோவேரியன்ஸை என்ன செய்வது

கோப்பில் இருப்பது ஒவ்வொரு கெழுவின் தனிப் பிழை மட்டும். எந்த இரண்டு கெழுக்களின் பிழைகள் சேர்ந்து ஆடுகின்றன என்பது கோவேரியன்ஸ் அணியில்தான் இருக்கிறது. தனிப் பிழைகளை மட்டும் வைத்து வரைபடம் போட்டால், ஒரே அட்சரேகையில் எல்லா இடத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே பிழை வரும். உண்மையில் அப்படி இருக்காது. கோச்சேயின் சுற்றுப்பாதை 96.7 பாகை சாய்ந்தது. ஆகவே இரண்டு துருவத்தைச் சுற்றியும் 6.7 பாகை ஆரத்துக்கு அளவீடே கிடையாது. அதனால் தாழ்ந்த ஆர்டர் கெழுக்களின் பிழை பெரிதாக இருக்கும், டிகிரி 200-இல் ஏறக்குறைய ஆர்டர் 23 வரை. தனிப் பிழைகளை மட்டும் கூட்டினால், துருவத்தில் இருக்க வேண்டிய இந்தப் பிழையில் ஒரு பகுதி அளவீடு நன்றாக இருக்கும் மற்ற இடங்களிலும் பரவித் தெரியும். கோவேரியன்ஸைச் சேர்த்தால்தான் அது துருவத்திலேயே அடங்கும்.

சிக்கல் அளவுதான். டிகிரி 60 வரை 3,721 கெழுக்கள், முழு அணி 110 எம்பி; எந்த மடிக்கணினியும் தாங்கும். டிகிரி 300 என்றால் 90,601 கெழுக்கள், அணி 65 ஜிபிக்கு மேல். முழு அணியைக் கையாள முடியாத இடத்தில், தற்செயலாகச் சில எடுத்துக்காட்டுகளை உருவாக்கிப் பார்க்கும் சாம்ப்ளிங் முறை கைகொடுக்கும். உங்களிடம் மீச்சிறு வர்க்கச் சமன்பாடுகளின் நார்மல் அணி (கோவேரியன்ஸ் அணியின் தலைகீழ்) இருந்தால், அதைச் சொலெஸ்கி முறையில் இரண்டு முக்கோண அணிகளாகப் பிரியுங்கள். தற்செயல் எண்களால் ஆன ஒரு திசையனை எடுத்து, மேல் முக்கோணத்தை வைத்துத் தீர்த்தால் வருவது சரியான கோவேரியன்ஸ் உள்ள ஒரு பிழைக் கெழுத்தொகுதி. இப்படி நூறு தொகுதி செய்து, ஒவ்வொன்றையும் உங்கள் கேள்விக்கான விடையாக மாற்றி, விடைகளின் சிதறலைப் பாருங்கள். நூறு தொகுதியில் சிதறலின் மதிப்பு 7 சதவீதத்துக்குள் கிடைத்துவிடும். பிழையின் பிழைக்கு அதுவே தாராளம்.

வெளியிலிருந்து ஓர் அளவீடு

நான் மிகவும் மதிக்கும் படி இது. ஒரு லெவலிங் பெஞ்ச்மார்க்கின் (லெவல் கருவியால் கடல்மட்ட உயரம் அளந்து குறித்து வைத்த அடையாளக் கல்) மேல் ஜிபிஎஸ் வைத்தால், ஜிபிஎஸ் உயரத்திலிருந்து லெவலிங் உயரத்தைக் கழித்து ஜியாய்டு உயரத்தை மாதிரியின் உதவி இல்லாமலே பெறலாம். இப்படி நூறு புள்ளிகள் இருந்தால் மாதிரியோடு ஒப்பிடலாம். முதலில் சராசரி வித்தியாசத்தை நீக்குங்கள். அந்த நாட்டின் உயரத் தொடக்கம் உலக ஜியாய்டோடு பொருந்தாததுதான் அது. லெவலிங் பிழை தூரத்தின் வர்க்கமூலத்தோடு வளர்வதால், பெரிய நாட்டில் ஒரு சாய்வும் ஒளிந்திருக்கலாம்.

எண்களோடு ஒரு பயிற்சிக் கணக்கு. டிகிரி 200 மாதிரியோடு வித்தியாசங்களின் சிதறல் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மாதிரி சொல்லும் பிழையோ 2 செ.மீ. பதற வேண்டாம், இதில் பெரும்பகுதி வெட்டுப்பிழை. டிகிரி 201-இலிருந்து 2190 வரை ஈஜிஎம்2008-இன் கெழுக்களைச் சேர்த்து மறுபடி பாருங்கள். சிதறல் 6 செ.மீ. ஆகிறது. 6-இன் வர்க்கம் 36. லெவலிங் 3 செ.மீ., ஜிபிஎஸ் 2 செ.மீ. என்றால் 9-ஐயும் 4-ஐயும் கழித்து 23. 2190-க்கு அப்பால் விட்டுப்போனதற்கு 3 செ.மீ., வர்க்கம் 9, அதையும் கழித்தால் 14. வர்க்கமூலம் 3.7 செ.மீ. மாதிரி சொன்ன 2 செ.மீ.யை 1.9-ஆல் பெருக்கினால்தான் உண்மைக்கு வருகிறது. இந்த 3.7-க்குள் ஈஜிஎம்2008-இன் உயர்டிகிரிப் பிழையும் இருக்கிறது என்பதால் இது மேல்வரம்பு. இந்த 1.9 அந்த வட்டாரத்துக்கும் அந்த டிகிரிக்கும் மட்டும் செல்லும். வேறு நாட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. ஒப்பிடும் பொருள் உண்மையிலேயே வெளியாள்தானா என்று விசாரியுங்கள். ஈஜிஎம்2008-இன் தாழ்ந்த டிகிரிகளில் கிரேஸ் அளவீடு இருக்கிறது. அதோடு ஒரு கிரேஸ் மாதிரியை ஒப்பிட்டு "நன்றாகப் பொருந்துகிறது" என்றால், அண்ணனைப் பற்றித் தம்பியிடம் சாட்சி கேட்ட மாதிரிதான்.

மாதாந்திரத் தீர்வுகள்

கிரேஸும், 2018 மே மாதத்தில் ஏவிய அதன் வாரிசும் தரும் மாதாந்திரத் தீர்வுகளுக்கு (ஒவ்வொரு மாதத்துக்கும் தனியாகச் செய்யும் புவியீர்ப்பு மாதிரிகள்) பெஞ்ச்மார்க் கிடையாது. டெக்சாஸ் பல்கலைக்கழகம், நாசாவின் ஜேபிஎல், ஜிஎஃப்இசட் என்று வேறு வேறு மையங்கள் ஒரே அளவீட்டிலிருந்து தீர்வு காண்கின்றன. அவற்றின் வித்தியாசம் ஒரு கீழ்வரம்பு. எல்லா மையமும் ஒரே வளிமண்டல, கடல் திருத்தத்தைப் பயன்படுத்தினால் அதிலுள்ள தப்பு இந்த வித்தியாசத்தில் தெரியாது. இன்னொரு வழி, தண்ணீர் அதிகம் மாறாத சகாரா போன்ற இடத்தில் போக்கையும் பருவச் சுழற்சியையும் நீக்கிவிட்டு மிஞ்சும் ஆட்டத்தைப் பார்ப்பது. மிஞ்சுவதில் பெரும்பகுதி இரைச்சல். வடக்கு-தெற்காகக் கோடுகோடாகத் தெரிவது கிரேஸின் பழைய வியாதி. அதை வடிகட்டினால் பிழை குறையும், கூடவே சிக்னலும் பக்கத்துப் படுகைக்குக் கசியும். அந்தக் கசிவையும் பிழைக் கணக்கில் சேர்க்க வேண்டும். டிகிரி 2, ஆர்டர் 0 கெழுவை, தரையிலிருந்து செயற்கைக்கோள்களுக்கு லேசர் விட்டு எடுக்கும் தூர அளவீட்டிலிருந்து வாங்கி மாற்றிக்கொள்வது வழக்கம்.

எப்படி எழுதுவது

விடையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பழகுங்கள். மேலே போட்ட கணக்குக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: "இந்த வட்டாரத்தில் ஒரு புள்ளியின் ஜியாய்டு உயரத்துக்கு நிச்சயமின்மை 4.8 செ.மீ. (ஒரு திட்ட விலக்கம்). இதில் டிகிரி 2190 வரையான கெழுப்பிழை 3.7 செ.மீ., நூறு பெஞ்ச்மார்க்குகளோடு ஒப்பிட்டுப் பெற்றது; வெட்டுப்பிழை 3 செ.மீ., கௌலா விதிப்படி. அலை முறைமை டைட் ஃப்ரீ. உள்ளூர் உயரத் தொடக்கத்தின் விலகல் நீக்கப்பட்டது, இதில் சேரவில்லை." நீளமான வாக்கியம்தான். ஆனால் வாய்க்காலுக்குச் சரிவு பார்க்கிறவர் இதைப் படித்துவிட்டு, 10 செ.மீ. சரிவுக்கு இந்த ஜியாய்டு போதுமா, லெவல் கருவியை எடுத்துக்கொண்டு போய் நேரில் அளக்க வேண்டுமா என்று தானே முடிவு செய்துகொள்ளலாம்.